மூத்தாள் பெயரில் ஒரு படகு

புருஷன் செத்த வருஷத்திலிருந்து ரிஸ்பா அதோயோ இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். விடியும் நேரத்தில் படகுகள் விளக்கை அணைத்துவிட்டு ஏரியிலிருந்து திரும்பும். கமோலோ கரைப் பெண்கள் பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு நிற்பார்கள். விரல் நீளம்கூட இல்லாத ஒமேனா மீனுக்காகத்தான் இத்தனை இடிபாடு. அதை வாங்கிப் பாறைமேல் பழைய வலையை விரித்துக் காயவைத்து, சந்தையில் டின் அளவில் விற்றால் வீட்டில் களி வேகும், மகள் மர்சலின் விடுதிப் பள்ளியில் படிப்பாள். மழை பெய்துவிட்டால் அத்தனையும் கோழித் தீவனம்.

முன்னால் போய் நின்றுவிட்டால் மீன் கிடைத்துவிடுமா? அதுதான் கிடையாது. கையில் காசு இருந்தாலும் படகுக்காரன் மனசு வைக்க வேண்டும். அவன் மனசு வைப்பதற்கு என்ன விலை என்று அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். புருஷன் இருக்கிறவளுக்கே அந்த விலை உண்டென்றால் இல்லாதவளுக்குக் கேட்கவா வேண்டும்? ரிஸ்பாவும் கொடுத்தாள். மூடி மறைக்க இதில் ஒன்றுமில்லை. ஒசேவே என்று ஒருவன், இரண்டு படகு வைத்திருக்கிறவன், மீன் வலையைத் தூக்குவதற்கு முன்னால் அவளை ஏற இறங்கப் பார்த்து, "சாயங்காலம் வருவேல்ல?" என்பான். வருகிறேன் என்று தலையாட்டினால்தான் தொட்டி நிறையும்.

அந்த நாட்களில் அவள் வீடு திரும்பும்போது முற்றத்தில் ஒரு பானைத் தண்ணீர் சுட்டுக்கொண்டிருக்கும். சுடவைத்தவள் தோர்சிலா. ஒரே வேலிக்குள், அதே வளவில் தலைமாட்டு வீட்டில் இருக்கிற மூத்தாள். எங்கே போனாய், ஏன் இத்தனை நேரம் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். "தண்ணி ஆறிப்போகுது, குளி" என்பாள், அவ்வளவுதான். கேள்வி கேட்காமல் இருப்பது தோர்சிலாவுக்கு எத்தனை கஷ்டம் என்று அவள் வாய்க்குத் தப்பிய ஒருவரும் இல்லாத அந்த ஊருக்கே தெரியும்.

சக்களத்திகள் இப்படி இருப்பார்களா என்று கேட்காதீர்கள். ஆரம்பத்தில் இப்படி இல்லை. ரிஸ்பா பத்தொன்பது வயதில் இளையாளாக வந்து இறங்கியபோது தோர்சிலா மூன்று வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தோர்சிலாவுக்குப் பிள்ளை இல்லை. வந்தவளுக்கு இரண்டே வருஷத்தில் ஆண் குழந்தை. வயிற்றெரிச்சல் இருக்காதா, பின்னே?

மூன்றாம் வருஷம் மழை முன்கூட்டியே கொட்டியது. ஊரெல்லாம் விதைத்தார்கள். ஆனால் ஒரு வளவில் மூத்தாள் விதை போட்ட பிறகுதான் இளையாள் விதை போட வேண்டும். அந்த முறையைத் தாண்டினால் சிரா பிடிக்கும். தாண்டினவளையோ அவள் பிள்ளையையோ உருக்கி எடுத்துவிட்டுத்தான் அந்தச் சாபம் ஓயும். தோர்சிலாவோ இடுப்பு வலி என்று சொல்லிப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், எட்டு நாள் ஆயிற்று. அடுத்த வீட்டுக்காரி நிலத்தில் சோளம் இரண்டு இலை விட்டுவிட்டது. ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் ரிஸ்பா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல், தன் வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு வரிசை விதைத்தாள்.

அந்த மாதமே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றே நாள். ஏழு மாதக் குழந்தையை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. முளைத்து வந்த அந்த வரிசையை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி எறிந்துவிட்டாள். ஆனால் தோர்சிலா அதைப் பார்த்திருந்தாள். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல், பாயைத் தூக்கிக்கொண்டு வந்து ரிஸ்பாவின் வீட்டிலேயே நாற்பது நாள் படுத்துக்கொண்டாள். கஞ்சி ஊற்றினாள், தலை வாரினாள், பால் கட்டிய மார்புக்கு ஒத்தடம் கொடுத்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டவர்கள்தான். மூன்று வருஷம் கழித்து மர்சலின் பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவளே தோர்சிலா. அதன்பிறகு ரிஸ்பா எதிலும் மூத்தாளுக்கு முன்னால் போனதில்லை. புதுத் தானியத்தை அவள் வாயில் வைக்காமல் இவள் தொடமாட்டாள். கூரைக்குப் புதுத் தகரம் போட்டால்கூட அவள் வீட்டுக்குப் போட்ட பிறகுதான்.

நிதி வந்த கதைக்கு வருவோம்.

ஒருநாள் லவெண்டா என்று ஒரு பெண், கிசுமு நகரத்தில் ஏதோ உதவி நிறுவனத்தின் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், பைக்கில் வந்து இறங்கி, சர்ச் கூரைக்குக் கீழே பெண்களைக் கூட்டினாள். பக்கத்து ஊர்க்காரிதான், நம் பேச்சே பேசினாள். தொழில் செய்கிற பெண்களுக்கு வெளிநாட்டிலிருந்து நிதி வருகிறது, இந்தக் கரைப்பக்கம் அதைப் படகாகக் கொடுக்கப் போகிறோம், வலையும் விளக்கும் சேர்த்து, என்றாள். ஆட்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம், படகு பெண்ணுக்கே சொந்தம்.

"எத்தனை வருஷத்துல திருப்பிக் கட்டணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கட்டவே வேண்டாம்க்கா. இது கடன் இல்ல, மானியம்."

"சும்மாவா? சும்மா கொடுக்கிறவன் எவன்டி இருக்கான் இந்த உலகத்துல? நாளைக்கு வந்து கிட்னியைக் கேட்டா?"

"உன் கிட்னியை எவன் எடுப்பான்? உள்ள பூரா சாராயம்" என்று பின்னாலிருந்து தோர்சிலா சொன்னாள். கூட்டம் சிரித்தது. அவள் கால் வீங்கி, கம்பை ஊன்றிக்கொண்டு வந்திருந்தாள். வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியாது அவளால்.

ரிஸ்பா சிரிக்கவில்லை. அவள் கணக்குப் போட்டது காசை அல்ல. சொந்தப் படகு இருந்தால் இனி ஒசேவே முகத்தில் விழிக்க வேண்டாம், சாயங்காலம் எங்கேயும் போக வேண்டாம், முற்றத்தில் தண்ணீர் சுட வேண்டாம். அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறு எதற்கும் அவள் அத்தனை ஆசைப்பட்டதில்லை.

படிவத்தை முற்றத்தில் வைத்து எழுதினாள். நாலாம் வகுப்பு வரை போனவள், எழுத்துக் கூட்டி எழுதத் தெரியும். பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாக எழுதினாள். தோர்சிலா ஒன்யாங்கோ.

எட்டிப் பார்த்த தோர்சிலாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயரின் முதல் எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியும்.

"ஏடி, இது என் பேருல்ல?"

"ஆமாக்கா."

"உனக்கென்ன கிறுக்கா? மீனைத் தின்னத்தான் எனக்குத் தெரியும். பிடிச்சேனா, காயவெச்சேனா? உன் பேரைப் போடு."

"உனக்கு முன்னாடி என் படகு தண்ணியில இறங்குறதா? முடியாது."

"படகுக்கும் விதைக்கும் என்னடி சம்பந்தம்?"

"எல்லாத்துக்கும் சம்பந்தம் உண்டு. எனக்கு ஒரு பொண்ணு இருக்குக்கா. ஒண்ணுதான் இருக்கு."

தோர்சிலா என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, கம்பை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் வாயை மூடிக்கொண்டு போனதை ரிஸ்பா அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேரில் விசாரிக்க லவெண்டா வளவுக்கு வந்தாள். தோர்சிலா நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பின்னால் ரிஸ்பா.

"பெரியம்மா, ஒமேனா வியாபாரத்துல உங்களுக்கு இருக்கிற பெரிய பிரச்சினை என்ன?"

"நாத்தம்" என்றாள் தோர்சிலா.

ரிஸ்பா பின்னாலிருந்து முதுகில் கிள்ளினாள். "மழை" என்று முணுமுணுத்தாள்.

"மழை" என்றாள் தோர்சிலா. "அப்புறம் ஆம்பிளைங்க. மழையாவது வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வரும்."

லவெண்டா குனிந்து எழுதிக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தாள். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "உண்மையைச் சொல்லுங்க, தொழிலை நடத்தப் போறது யாரு?" என்று ரிஸ்பாவைப் பார்த்தே கேட்டாள். அந்தப் பெண் வழி திறந்துவிட்டாள், பாவம். ரிஸ்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே பெயரை மாற்றி எழுதியிருப்பாள்.

"அக்காதான்" என்றாள் ரிஸ்பா.

"சரி. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. படகு ஒப்படைக்கிற அன்னைக்கு யார் பேருல இருக்கோ அவங்களே எங்க கண் முன்னால கைநாட்டு வைக்கணும். வேற யாரும் வைக்கக் கூடாது. போன தடவை புருஷன்மாரும் கொழுந்தன்மாரும் பொம்பளைங்க பேரைச் சொல்லிப் படகை ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்குத்தான் இந்தச் சட்டம்."

"நல்ல சட்டம்" என்றாள் தோர்சிலா. "அது போகட்டும், ஒரு வீட்டுக்கு வர்றவ இப்படியா வெறுங்கையை வீசிக்கிட்டு வர்றது? உங்கம்மா வளர்த்த லட்சணமா இது?"

லவெண்டா வெட்கத்தில் நெளிந்து, "அடுத்த தடவை ரொட்டி வாங்கிட்டு வரேன் பெரியம்மா" என்றாள்.

பட்டியலில் தோர்சிலாவின் பெயர் வந்தது. கரையில் ஐந்து படகுக்குப் பலகை அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தில் தோர்சிலாவின் வீக்கம் காலிலிருந்து வயிற்றுக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் இதயம் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், உப்பைக் குறை என்றார்கள். உப்பில்லாக் களியை அவள் திட்டிக்கொண்டே தின்றாள். படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே பகலும் இரவும் உட்கார்ந்திருந்தாள்.

"நான் போயிட்டேன்னா சத்தம் போட்டுத் தொலைக்காதே" என்பாள். "படகு கைக்கு வந்தப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் அழு. நான் எங்கேயும் ஓடிப்போயிட மாட்டேன்."

"வாயைக் கழுவுக்கா. செத்தவளைப் பார்த்துட்டுக் குரல் கொடுக்காம எவளாவது இருப்பாளா? ஊரு காறித் துப்பும்."

"ஊரா உன் தொட்டியில மீன் போடுது?"

படகு ஒப்படைக்கிற நாளும் வந்தது. பத்து மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். காலையில் ரிஸ்பா மூத்தாளுக்கு முகம் துடைத்து, நல்ல கவுனை மாட்டி, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். ஒரு கை பிடித்து பைக்கில் உட்காரவைத்தாவது கொண்டுபோய்விடலாம் என்று நினைத்திருந்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு தோர்சிலா கரண்டியைத் தள்ளினாள்.

"உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

"வந்து பேசிக்கலாம்க்கா, நேரமாச்சு."

"உக்காருடி." மூச்சு வாங்கியது. "அந்த வருஷம் நீ விதைச்சியே. வீட்டுக்குப் பின்னால."

எழுந்திருக்கப் போன ரிஸ்பா உட்கார்ந்தாள். இந்தப் பேச்சு இருவருக்கும் நடுவில் ஒருநாளும் வந்ததில்லை.

"அதுக்கு முந்தின நாளே நான் விதைச்சுட்டேன். அடுப்படிக்குப் பின்னால, ஒரே ஒரு பிடி. நீ தூங்கிட்டிருந்தே. வேணும்னேதான் உன்கிட்டச் சொல்லல. நீ ஏங்கிச் சாகட்டும்னு படுத்துக் கிடந்தேன். நீ என்னை முந்தலடி. நீ ஒரு தப்பும் பண்ணல. பிள்ளை காய்ச்சல்ல போச்சு, அவ்வளவுதான்."

ரிஸ்பா கரண்டியைக் கஞ்சிப் பாத்திரத்துக்குள் வைத்தாள்.

"அப்புறம் சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா நீ என்னை வெறுத்துடுவே. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? இன்னைக்கு நாளைக்குன்னு... படிவத்துல பேரு எழுதினியே, அன்னைக்குக்கூட நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு."

"பத்தொன்பது வருஷம்" என்றாள் ரிஸ்பா.

"திட்டு. திட்டித் தீர்த்துடு."

திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். ரிஸ்பா கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே போய் முற்றத்தில் உட்கார்ந்து, அந்தச் சின்னப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்ததையே திரும்பத் தேய்த்தாள். பத்தொன்பது வருஷம் தன் கையாலேயே தன் பிள்ளையைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு படுத்து எழுந்தவள். கோபம் தலைக்கேறியது. கொஞ்ச நேரம் கழித்து, இந்தக் கிழவியை இன்றைக்கு நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று எழுந்து உள்ளே போனாள்.

தோர்சிலா சுவரில் சாய்ந்தபடி இருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பெண் என்ன செய்ய வேண்டும் என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. முற்றத்துக்கு ஓடிவந்து, கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து சாவுக்குரல் கொடுக்க வேண்டும். மூத்தாளுக்கு முதல் குரல் இளையாளுடையது. கேட்டவர்கள் கேட்ட இடத்தில் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். ரிஸ்பா வாயைத் திறந்தாள். கரையில் மேளச் சத்தம் கேட்டது. அதிகாரிகள் வந்துவிட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். மூத்தாளின் கண்ணை இழுத்து மூடி, போர்வையைக் கழுத்து வரை போர்த்தி, கதவைச் சாத்திவிட்டுக் கரைக்கு நடந்தாள். சொன்னபடி செய்தாளா, கோபத்தில் செய்தாளா என்று பின்னால் யோசித்துப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கரையில் ஐந்து படகும் பளபளவென்று நின்றன. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் பெயர். மூன்றாவது படகில் தோர்சிலா என்று இருந்தது. நீலமும் சிவப்பும் அடித்திருந்தார்கள். ரிஸ்பா ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல" என்று அதிகாரியிடம் சொன்னாள். "நடக்க முடியல. நான் வாங்கிக்கிறேன்."

அதிகாரி நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "அதுக்கென்னம்மா, வண்டி இருக்கே. வீட்டுக்கே வந்து வாங்கிக்கிறோம். உடம்புக்கு முடியாதவங்களை அலைக்கழிக்கக் கூடாது" என்றார்.

வண்டியில் லவெண்டாவும் ஏறிக்கொண்டாள். மடியில் காகிதத்தில் சுற்றிய ரொட்டி. "பெரியம்மா மறந்திருக்க மாட்டாங்க. இன்னைக்கும் வெறுங்கையோட போனா தோலை உரிச்சுடுவாங்க" என்றாள். ரிஸ்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நோயாளிப் பெண்ணின் வீட்டுக்குள் ஆண்பிள்ளை நுழைவது முறையில்லை என்று அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார். லவெண்டா தாளையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வந்தவள் இரண்டு எட்டு வைத்ததும் நின்றாள். அவளும் நம் வீட்டுப் பெண்தானே, செத்த முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

ரொட்டியை மெதுவாகப் பாய்மேல் வைத்தாள். தாளையும் மைப்பெட்டியையும் அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றாள், குரல் வெளியே கேட்காமல். "சீக்கிரம்."

ரிஸ்பா மூத்தாளின் வலது கையை எடுத்தாள். இன்னும் விறைக்கவில்லை. கட்டைவிரலை மையில் அழுத்தினாள். நீலம் ரேகைக்குள் எல்லாம் ஓடியது. தாளை மடியில் வைத்து விரலை அதன்மேல் கொண்டுபோனாள். அரை விரற்கடை தூரம்தான். அழுத்தினால் படகு.

அந்தக் கை அவள் தலையை வாரிய கை. அவள் கேட்காமலே தண்ணீர் சுடவைத்த கை. அவள் தூங்கும்போது ஒரு பிடி விதையைத் திருட்டுத்தனமாகப் போட்டுவிட்டு அதை மறைத்த கையும் அதுதான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே இருந்தாள். பக்கத்தில் ரொட்டியின் வாசம். இந்த ரொட்டியைப் பார்த்திருந்தால் இவள் என்ன சொல்லியிருப்பாள்? இத்தனூண்டா, உங்க ஆபீஸ்ல பெரிசே இல்லையா என்று கேட்டிருப்பாள். அது காதில் விழுந்த மாதிரி இருந்தது.

அவ்வளவுதான், உடைந்துவிட்டது. காலையிலிருந்து பல்லைக் கடித்து அடக்கிய குரல் அவளைக் கேட்காமலே வெளியே வந்தது. தாள் நழுவித் தரையில் விழுந்தது.

"ஐயோ அக்கா! பத்தொன்பது வருஷம் வாயை மூடி வெச்சிருந்தியே! என்னைத் திட்டக்கூட விடாம போயிட்டியே! நான் பாத்திரம் கழுவப் போன நேரத்துலயா போவே! இனி யாருக்குப் பின்னாலடி நான் நடப்பேன்!"

கரை வரைக்கும் கேட்டது. மேளம் நின்றது.

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, செத்தவர் பெயரில் கொடுக்க முடியாது, வாரிசுக்கு மாற்றவும் விதியில்லை, காத்திருப்புப் பட்டியலில் அடுத்த பெயருக்குத்தான் போகும் என்று வருத்தத்தோடு சொன்னார். அடுத்த பெயர் பக்கத்துக் கரை பெரஸ். அவளும் இல்லாதப்பட்டவள்தான். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஊர் இரண்டு நாள் உச்சுக்கொட்டியது.

மூன்றாம் நாள் ஊர் வேறு மாதிரிப் பேசியது. குளிப்பாட்ட வந்த பெண்கள் பிணத்தின் கட்டைவிரலில் மையைப் பார்த்துவிட்டார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அப்படியேதான் புதைத்தார்கள். "செத்தவ கையைப் பிடிச்சு நாட்டு வைக்கப் பார்த்திருக்கா பாரு" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தாள் வெறுமையாக இருந்ததை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடியவள் லவெண்டா. சொன்னால் அவள் வேலை போய்விடும். ரிஸ்பாவே அவளைச் சொல்லவிடவில்லை.

மழைக்காலம் வந்தது. வளவில் இனி மூத்தாள் இல்லை. ரிஸ்பாதான் முதலில் விதைக்க வேண்டும். விதைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் தன் நிலத்துக்குப் போகவில்லை. தோர்சிலாவின் அடுப்படிக்குப் பின்னால் போய்க் குனிந்து, ஒரு பிடி சோளத்தை அங்கே போட்டாள். "இந்தத் தடவை நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். பிறகு அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதாள். திட்டவும் செய்தாள். பாக்கி வைத்திருந்த அத்தனையையும் திட்டினாள்.

அந்த வாரத்தில்தான் லவெண்டா புதுப் படிவத்தோடு வந்தாள். கையில் ரொட்டி இருந்தது. "இந்தத் தடவை நானே எழுதறேன். பேரு சொல்லுங்க" என்றாள்.

"ரிஸ்பா அதோயோ" என்று சொல்லிவிட்டு, ரிஸ்பா தலைமாட்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அதன் கதவு சாத்தியிருந்தது.

படகு வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அந்த வருஷம் நிதி கொடுக்கிறவர்கள் மனசு மாறி, மீனை விட்டுவிட்டு மலைப்பக்கம் கோழிப்பண்ணைகளுக்குக் கொடுத்தார்கள். கோழிப்பண்ணை வைத்தவள் நன்றாக இருக்கட்டும்.

பெரஸின் படகு காற்று திரும்பினால் சில நாள் கமோலோ கரையில் ஒதுங்கும். பெயர் மாற்றினால் படகுக்கு ஆகாது என்று பெரஸ் அதை மாற்றவில்லை. நீலம் வெளுத்துவிட்டாலும் வெள்ளை எழுத்து அப்படியே இருக்கிறது. அது வந்தால் ரிஸ்பாவின் தொட்டி சும்மா நிறையும். பெரஸ் தன் ஆட்களிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் அது வருவது மாதத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோதான். மற்ற நாட்களில் ரிஸ்பா ஒசேவேயின் படகுக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். அவன் ஏற இறங்கப் பார்க்கிறான், "சாயங்காலம் வருவேல்ல?" என்கிறான். அவள் தலையாட்டுகிறாள். வீடு திரும்பியதும் அவளே அடுப்பு மூட்டி, தனக்குத் தண்ணீர் சுடவைத்துக்கொள்கிறாள்.